பல மொழி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரை மொழிபெயர்க்க வேண்டுமா, ஒலிபெயர்த்தால் போதுமா?

மொழிபெயர்க்கவே கூடாது. கமலா என்ற வேட்பாளரைத் தமிழ்ச் சீட்டில் ‘தாமரை’ என்று அச்சடித்தால், கமலாவுக்கு ஓட்டுப் போட வந்தவர் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழம்பி நிற்பார். (தாமரை யாருக்காவது சின்னமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.)

ஆனால் ‘ஒலிபெயர்த்தால் போதும்’ என்பதையும் நான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒலிபெயர்ப்பு என்றால் எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போடும் குமாஸ்தா வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும். மொழிபெயர்ப்பு என் தொழில். ஒரு தொழில்முறைச் சங்கத்தின் நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு இருமொழி வாக்குச்சீட்டு தயாரிக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் இருபத்து மூன்று பெயர்கள். அவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல் கணக்கில் கூலி வாங்குகிறவன் இருபத்து மூன்று சொல்லுக்கு என்ன கேட்பது என்று கூச்சப்பட்டுச் சும்மாவே செய்து கொடுத்தேன்.

பதினோராவது பெயர்: வி, ஏ, எல், எல், ஐ. ‘வள்ளி’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மெய்ப்பு வேட்பாளர்களின் பார்வைக்குப் போன அன்று மாலை அந்த அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. “தம்பி, இந்த வள்ளி யார்? எனக்கு எதிராக நிற்கிறாரா?” என்றார். அவர் பெயர் வல்லி. நாகவல்லி என்ற பாட்டியின் பெயரில் பிற்பாதி. வள்ளி என்று யாரும் அவரை வாழ்நாளில் கூப்பிட்டதில்லை. லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. அந்த இடத்தை நான் என் பழக்கத்தால் நிரப்பிவிட்டேன்.

மிச்சமிருந்த இருபத்திரண்டு பேரையும் உட்கார்ந்து மறுபடி பார்த்தபோது வியர்த்துவிட்டது. ஆனந்தன் என்று நான் எழுதியவர் அனந்தனாக இருக்கலாம். இரண்டுமே நல்ல தமிழ்நாட்டுப் பெயர்கள், ஒன்றுக்கு மகிழ்ச்சி, மற்றதற்கு முடிவில்லாதவன் என்று பொருள், ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். கந்தன் காந்தனாக இருக்கலாம். ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். மொத்தம் நான்கு பெயர்களைத் திருத்த வேண்டியிருந்தது.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒலிபெயர்ப்பில் தவறு நடப்பது அறியாத பெயரில் அல்ல. நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற பெயரில்தான். போலந்துக்காரர் ஒருவரின் பெயர் வந்திருந்தால் நாலு பேரிடம் கேட்டிருப்பேன்.

எதிர்த்திசையில் போனால் வேறு வகைச் சிக்கல். தமிழில் ககரம் ஒன்று, சகரம் ஒன்று, பகரம் ஒன்று. ‘பாலா’ என்ற பெயரின் முதல் எழுத்து பழத்தில் வருகிற ‘ப’வா, பஸ்ஸில் வருகிற ‘ப’வா? தமிழ் வாசகருக்கு அந்தக் கேள்வியே எழாது. வாய் தானாகச் சொல்லிவிடும். அதையே இந்தியிலோ தெலுங்கிலோ சிங்களத்திலோ எழுத உட்கார்ந்தால், அந்த எழுத்துமுறை ‘இரண்டில் எது?’ என்று கையைப் பிடித்து நிறுத்திவிடும். விடை தமிழ்ச் சீட்டில் இல்லை. பெயருக்கு உரியவரிடம்தான் இருக்கிறது.

இந்த வகையில் இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். வேட்புமனுவில் பெயர் பிழையாக இருந்தாலோ, மக்களிடையே தான் அறியப்பட்ட பெயர் வேறாக இருந்தாலோ, இறுதிப் பட்டியல் தயாராகும் முன் வேட்பாளர் சரியான வடிவத்தையும் எழுத்துக்கூட்டையும் எழுதிக் கொடுக்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலர் அது உண்மை என்று ஏற்றால் திருத்திவிடுவார். ‘மக்களிடையே அறியப்பட்ட பெயர்’ என்பதுதான் இதில் முக்கியம். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயருக்குச் சீட்டில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மேடையில் கேட்ட பெயர், சுவரில் படித்த பெயர், அந்தப் பெயரைத்தான் வாக்காளர் தேடுகிறார்.

பெயரை எந்த எழுத்தில் தொடங்குகிறோம் என்பது சீட்டில் இடத்தையும் தீர்மானித்துவிடும். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு செய்யப்பட்ட மற்றக் கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. இரண்டு மொழியில் அச்சானாலும் ஒரு வேட்பாளருக்கு ஒரு வரிசைதானே? ஆகவே ஒரு மொழியின் அகரவரிசைதான் ஆள முடியும். மற்ற மொழியில் அது கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டுபோல் தெரியும். தமிழில் இன்னொரு வேடிக்கை உண்டு. பல அகராதிகளில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் கடைசியில் வரும். அந்த முறைப்படி அடுக்கினால் சீனிவாசன் நடுவில் இருப்பார். அதே மனிதர் ஸ்ரீநிவாசன் என்று கையெழுத்துப் போட்டால் கடைக்கோடிக்குப் போய்விடுவார். தனித்தமிழா கிரந்தமா என்ற நூறாண்டுச் சண்டை இங்கே வரிசை எண்ணாக வந்து நிற்கிறது.

ஒரே பெயரில் பலர் நின்றால்? தொழில், ஊர் போன்ற ஏதாவது ஒன்றைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்கிறது விதி. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். ஆங்கில இனிஷியலாகப் பார்த்தால் பெரும்பாலோர் ‘ஓ’. தமிழிலாவது ஒகரக் குறிலும் ஓகார நெடிலும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வசதியும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சின்னமும், 2015 முதல் அச்சாகிவரும் புகைப்படமும்தான் காப்பாற்ற வேண்டும்.

சீன மொழிக்குப் போனால் நம் வல்லி, வள்ளிக் குழப்பம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சீன எழுத்தில் ஒலியை மட்டும் எழுத வழியே இல்லை. ஒவ்வோர் அசைக்கும் பொருளுள்ள ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த எழுத்தை மாண்டரின்காரர் ஒரு மாதிரியும் காண்டனீஸ்காரர் வேறு மாதிரியும் படிப்பார்கள். அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் சேர்க்கப்பட்ட 203ஆம் பிரிவின்படி, ஆங்கிலம் போதிய அளவு தெரியாத ஒரு மொழிச் சிறுபான்மையினர் ஓர் இடத்தில் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 10,000 பேருக்கு மேலோ 5 விழுக்காட்டுக்கு மேலோ இருந்தால், பெரும்பாலும் அவர்கள் மொழியிலும் தேர்தல் தாள்கள் வர வேண்டும். நியூயார்க் நகரம் மற்றதையெல்லாம் சீனத்தில் போட்டுவிட்டு வேட்பாளர் பெயர்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவைக்கப் பார்த்தது. 1994இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அதை ஏற்க மறுத்தது. சரியான மறுப்பு. சீட்டில் தேடுவதே பெயரைத்தான் எனும்போது, அதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பெயர்த்து என்ன பயன்?

2007இல் பாஸ்டனில் இதே சண்டை வேறு உருவில் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலச் செயலர் வில்லியம் கால்வின், பெயர்களைச் சீன எழுத்தில் போடுவதை எதிர்த்தார். அப்போது அதிபர் பதவிக்கு முயன்றுகொண்டிருந்த மிட் ராம்னியின் பெயரை ‘ஒட்டும் அரிசி’ என்று படிக்கலாமாம். அதே போட்டியில் இருந்த ஃபிரெட் தாம்ப்சன் ‘நற்குண சூப்’ ஆகிவிடுவாராம். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது; வாதமாக ஒன்றும் தேறாது. பிச்சைமுத்து என்ற பெயரைப் படிக்கிற தமிழர் யாராவது திருவோட்டை நினைக்கிறாரா? பெயர் என்று தெரிந்த கணத்தில் பொருள் பின்வாங்கிவிடுகிறது. சீன வாசகரும் அப்படித்தான் படிக்கிறார். பெரிய தலைவர்களின் பெயர்களை அவர் ஏற்கெனவே சீன நாளிதழ்களில் பார்த்துப் பழகியவர்.

ஆனால் கால்வினின் பயத்துக்கு மறுபுறம் ஒன்று உண்டு, அது உண்மையானது. பொருளுள்ள எழுத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால், நல்ல பொருளாகத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று வேட்பாளருக்குத் தோன்றும். சீனத் தொடர்பே இல்லாதவர்களும் நீதி, அழகு என்று மணக்கும் சீனப் பெயர்களோடு சான்பிரான்சிஸ்கோ தேர்தல்களில் நின்றார்கள். கமலா ஹாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் அந்த நகரின் மாவட்ட வழக்கறிஞர் பதவிக்கு முதன்முதலில் நின்றபோது அவருக்குக் கிடைத்த சீனப் பெயரை மாண்டரினில் ஏறத்தாழ ‘ஹ ஜின்லி’ என்று படிப்பார்கள். முதல் எழுத்து வாழ்த்து, அடுத்தது பூவேலைப் பட்டு, மூன்றாவது அழகு. நம் கமலாவில் இருந்த தாமரை போன இடம் தெரியவில்லை. இதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது, ஒலிபெயர்ப்பு என்று சொல்வதும் கஷ்டம். பெயர்சூட்டு விழா என்றுதான் சொல்ல வேண்டும்.

அதைத் தடுத்துவிட வேண்டுமா? நான் தடுக்க மாட்டேன். ஆனால் நேற்றுச் சூட்டிய பெயரோடு இன்று சீட்டில் ஏற விடவும் மாட்டேன். கலிபோர்னியா 2019இல் இயற்றிய சட்டம் இந்த இடத்தில் நல்ல கோடு கிழித்திருக்கிறது: பிறப்பிலேயே வைத்த பெயராக இருக்க வேண்டும், அல்லது முந்தைய இரண்டு ஆண்டுகளாவது பொதுவெளியில் வழங்கிய பெயராக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வெறும் ஒலிபெயர்ப்புதான். இந்திய விதியின் ‘மக்களிடையே அறியப்பட்ட’ என்பதைத்தான் இவர்கள் ஆண்டுக் கணக்கில் அளந்திருக்கிறார்கள் என்று படுகிறது.

பெயரே வேண்டாம், எண் போதும் என்று ஒதுங்கிக்கொண்ட நாடுகளும் உண்டு. பின்லாந்தில் வேட்பாளரின் எண்ணைச் சீட்டில் எழுதினால் போதும். இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி), பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்காக மூன்று எண்கள் வரை. எண்ணுக்கு ஒலிபெயர்ப்பு தேவையில்லை. ஆனால் கட்சியின் பெயர் அங்கேயும் மொழி மாறத்தான் வேண்டும். 1949இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆங்கிலத்தில் ‘ஃபெடரல் பார்ட்டி’ என்றார்கள். தமிழில் அரசு, ஆங்கிலத்தில் கூட்டாட்சி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு நாட்டின் அரசியலே உட்கார்ந்திருக்கிறது. கட்சிப் பெயரைப் பெயர்ப்பது தனிப் பதிலுக்கு உரிய விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2000ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சில சீனச் சீட்டுகளில் ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் இடம் மாறி அச்சாகியிருந்தன. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்.

நீங்களே இப்படி ஒரு சீட்டைத் தயாரிக்க நேர்ந்தால், நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வேட்புமனுவிலேயே எல்லா மொழிக்கும் ஒரு கட்டம் போட்டு, வேட்பாளரையே தன் கையால் எழுதச் சொல்கிறேன். அந்த மொழி எழுதத் தெரியாதவர் என்றால் பெயரை வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறேன். பார்வையற்றோர் காதால் கேட்டு வாக்களிக்கும் கருவிகளுக்காகப் பல அமெரிக்கத் தேர்தல் அலுவலகங்கள் இப்படி உச்சரிப்பை வேட்பாளரிடமே கேட்டு வாங்குகின்றன. அந்தப் பழக்கம் எழுதுகிறவனுக்கும் பயன்படும். பிறகு மூல மொழி தெரியாத ஒருவரிடம் என் எழுத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறேன். வேட்பாளர் திரும்பிப் பார்த்தால் சரி. கடைசியில் ஒவ்வொரு மொழியின் மெய்ப்பிலும் அவர் கையெழுத்து. கட்டணமும் இப்போது வாங்குகிறேன். சொல்லுக்கு அல்ல, பெயருக்கு.

வல்லி அம்மையார் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். ஏழு ஓட்டில் தோற்றுப்போனார். சீட்டில் பெயர் சரியாகத்தான் இருந்தது.