முள்ளோடையில் நிற்கும் அப்பா

கேள்வி: எனக்கு வயது 26. கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பி.காம். முடித்திருக்கிறேன். மூன்று வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன்; எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றதுதான். வெள்ளி, சனி இரவுகளில் புதுச்சேரி ஒயிட் டவுன் கஃபேக்களில் தனியாகப் பாடி வாசிப்பேன். ஒரு இரவுக்கு 1,500 ரூபாய். சில இடங்களில் சாப்பாடு மட்டும். கடல் காற்றில் கம்பி துருப்பிடிப்பதால் மாதம் ஒரு செட் மாற்றவே 800 ரூபாய் ஆகிறது. ஜூன் 21 இசைத் திருவிழாவில் தெருவில் வாசித்தேன். அத்தனை பேர் நின்று கேட்டார்கள், வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். புரோகிராம் பத்து மணிக்கு முடியும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் நண்பர் பைக்கில் முள்ளோடை வரை கொண்டுவந்து விடுவார், அங்கிருந்து அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கூட்டிப்போவார். போன வாரம் வண்டியில் வரும்போது, "எத்தனை நாளைக்குடா இது?" என்று கேட்டுவிட்டார். நொறுங்கிப் போனேன். ஆதரவே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு கலைஞனாக முடியுமா? புதுச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கிவிடலாமா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, கம்பிக்கு 800 ரூபாய் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் பெட்ரோலுக்கு எவ்வளவு?

முள்ளோடை என்ன மாதிரி இடம் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரி அங்கே முடிகிறது. அதனால் ஒயின்ஷாப்புகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தாண்டினால் தமிழ்நாடு. பெண்ணையாற்றுப் பாலம் கடந்து ஆல்பேட்டைக்கு வந்தால் பாட்டில் இருக்கிறதா என்று வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். நடுராத்திரி முள்ளோடையில் ஒரு ஆள் நின்றால், எதற்கு நிற்கிறார் என்று இரண்டு ஊருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடும். அந்த இடத்தில் உங்கள் அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கிட்டார் பையோடு வரும் பிள்ளைக்காக நிற்கிறார். அவர் குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவராக இருந்திருந்தால் அதையும் புகாரில் சேர்த்திருப்பீர்கள்.

"விட்டுவிட்டால்" என்று போகிற போக்கில் ஒரு சொல். ஏதோ வருடத்துக்கு ஒருமுறை நடப்பதுபோல! ஒருமுறை இருமுறை வந்தவர் "எத்தனை நாளைக்கு" என்று கேட்க மாட்டார்.

அந்தக் கடைசி பஸ் ஏன் தவறிப்போகிறது? பத்து மணிக்கு முடிகிறது என்கிறீர்கள். ஒயரைச் சுற்றி, கிட்டாரைப் பையில் போட்டு, கஃபேக்காரரிடம் பணம் வாங்க கால் மணி நேரம். ஒயிட் டவுனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். மிச்ச நேரம் எங்கே போகிறது? கடற்கரையில் நாலு பேரோடு உட்கார்ந்து இசையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதில் போகிறது. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கான வாடகையை முள்ளோடையில் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நண்பர் உங்களை எல்லைவரை மட்டும் கொண்டுவந்து விடுவதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஆல்பேட்டையில் வாயை ஊதச் சொல்வார்கள் என்ற பயமோ என்னவோ. நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

டீக்கடைக்காரர் நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். உங்களை வீட்டில் சேர்த்துவிட்டு அவர் படுக்கும்போது மணி ஒன்றாவது இருக்கும். மூன்று மணி நேரத் தூக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற மனிதர் "எத்தனை நாளைக்குடா இது?" என்று கேட்டால், அது உங்கள் இசைக்கு அவர் எழுதிய விமர்சனமா? கேள்வி, தம்பி. இன்னும் எத்தனை நாள் நான் இங்கே வந்து நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் சொல்லவில்லை, நொறுங்கிப் போய்விட்டீர்கள்.

ஆதரவு இல்லை என்று எனக்கு வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. தவில் படிக்கும் பையன் எழுதுகிறான், கீபோர்டு வாசிக்கும் பெண் எழுதுகிறாள். வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவைத்த வீடுகளையும், அதை உடைத்த அப்பாக்களையும் அந்தக் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களோடு உங்களைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இசைத் திருவிழாவுக்கு வீட்டில் ஒருவரும் வரவில்லை என்கிறீர்கள். 1982-இல் பிரான்சில் அதைத் தொடங்கியதே யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம் என்பதற்காகத்தான். டீக்கடைக்காரருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் "கூப்பிட்டேன், வரவில்லை" என்று உங்கள் கடிதத்தில் இல்லை. "வரவில்லை" என்று மட்டும்தான் இருக்கிறது.

ரூம் விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் எட்டு இரவும் பணம் கிடைத்தால்தான் 12,000. சாப்பாட்டு இரவுகளைக் கழியுங்கள், கம்பியையும் ஆட்டோவையும் கழியுங்கள், பிறகு வாடகையைப் பேசுங்கள். புதுச்சேரிக் கூட்டத்தை நம்பிய பிழைப்பு மழைக்காலத்தில் படுத்துவிடும். 2011-இல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30, புத்தாண்டு வசூலுக்கு முந்தின நாள். வாரக் கடைசியை மட்டும் நம்பக் கூடாது என்று சொல்லத்தான் இது. வார நாட்களில் கடலூரிலேயே மஞ்சக்குப்பம் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு முன் நீங்கள் ஒரு ஆசிரியரிடம் போய் உட்கார வேண்டும். மூன்று வருட யூடியூப்பில் கார்டு (சுரக்கூட்டு) பிடிக்கத் தெரியும். மணிக்கட்டை எப்படி வைத்தால் பிள்ளைக்குக் கை வலிக்காது என்று தெரியாது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகள் எட்டு கிரேடு வரை இருக்கின்றன. பாதியாவது எழுதுங்கள். சாப்பாட்டுக்கு வாசிப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். மற்ற இடங்களில் தொகையையும் முடியும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஒன்பதரைக்கு முடித்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள், அரை மணி நேரத்துக்காக யாரும் வேண்டாம் என்று அனுப்ப மாட்டார்கள்.

இதெல்லாம் செய்தும் கையில் காசு நின்றால் தாராளமாக ரூம் எடுங்கள். அப்பாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவதானால் என்னிடம் கேட்காதீர்கள். பெற்றவர் உறக்கத்தைத் தின்று வளர்கிற கலையின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வீடு வந்து சேருங்கள். ஞாயிறு காலை நாலு மணிக்குக் கடையை நீங்கள் திறங்கள். அவர் ஆறு வரை தூங்கட்டும். கிட்டாரைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்; பால் பொங்கிவிடும்.