டவரை இறக்க வேண்டாம்: மலை வானொலி பற்றிக் கேள்வி பதில்

நீலகிரியில் வானொலி நடத்துகிறவர்கள், நடத்த ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் கேட்கிறவர்கள் என்று பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கொடைக்கானலிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. நான் டிரான்ஸ்மிட்டர், ஸ்டூடியோ, ஒலிப்பதிவு பக்கத்து ஆள். அதற்குள் வருவதை விரிவாகச் சொல்கிறேன். வராததற்குச் சரியான இடத்தைக் காட்டிவிடுகிறேன்.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இனி வானொலி நிலையங்கள் பிழைக்க என்ன செய்ய வேண்டும் சார்?

முதலில், பாட்டை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தை விட வேண்டும் டீச்சர். எந்தப் பாட்டு வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் போனில் கிடைக்கும்போது, நீங்கள் போடும் பாட்டுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. வேறு யாரும் சொல்லாததை நீங்கள் சொன்னால் காத்திருப்பார்கள். தேயிலை வாரியம் இந்த மாதம் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை அறிவித்தது, மேட்டுப்பாளையம் மண்டியில் காலையில் கேரட் என்ன விலைக்குப் போனது, பந்தலூர் பக்கம் யானை எந்தச் சாலையில் நிற்கிறது, பர்லியார் வளைவில் மரம் விழுந்திருக்கிறதா, இதையெல்லாம் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு செயலி சொல்லாது. 1960களின் பின்பாதியில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ஏடிடி-27 நெல்லுக்கு மாறினார்கள். ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். கேட்கிறவருக்கு மறுநாள் வயலில் பயன்படுகிற செய்தி இருந்தது, அதனால் கேட்டார்கள்.

அப்புறம், அதே விஷயத்தை ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற மாதிரி வெட்ட வேண்டும். காலை ஒரு மணி நேர நிகழ்ச்சியை அப்படியே யூடியூபில் ஏற்றிவிட்டு "டிஜிட்டலுக்கு வந்துவிட்டோம்" என்று சொல்கிற நிலையங்கள் நிறைய. அதை யாரும் கேட்பதில்லை. விலை நிலவரம் இரண்டு நிமிட ஒலிக்கோப்பாக வாட்ஸ்அப் சேனலில் போகட்டும். ஒரு மூத்த விவசாயியோடு பேசிய அரை மணி நேரம், நேரமும் வானிலையும் சொன்ன பகுதிகளை வெட்டிவிட்டு, போட்காஸ்ட்டாக (நினைத்தபோது இணையத்தில் கேட்கிற தொடராக) போகட்டும். எஃப்எம்மில் நேரலை ஓடட்டும். வேலை அதிகம்தான். ஆனால் பதிவு செய்கிற வேலை ஒரு தடவைதான்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்னும் சில இடங்களில் சொல்வேன்: போட்காஸ்ட்டில் சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். எஃப்எம்மில் ஒலிபரப்ப நீங்கள் கட்டிய உரிமத் தொகை இணையத்துக்குச் செல்லாது. வானொலிக்குச் சட்டமே வழங்கும் பாட்டு உரிமம் இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று 2019-லேயே மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னணியில் பத்து நொடி வந்தாலும் கோப்பு முடங்கும், சில சமயம் சேனலே போகும்.

குன்னூர், கல்லூரி மாணவர்: எந்த மைக் வாங்கலாம் அண்ணா?

அறைக்குள் பேசுவதற்கு டைனமிக் மைக். கண்டன்சர் மைக் நல்ல சத்தம் தரும், ஆனால் தகரக் கூரையில் மழை, கீழே லாரி, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும். நம் ஊரில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை கூரையில் மழைதானே. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் சாய்வாக. வெளியே போனால் போனோடு ஒயர் காலர் மைக் போதும், ஆனால் காற்றுக்கு ரோம உறை கட்டாயம். மைக்குக்குச் செலவழிப்பதற்கு முன் அறையில் நாலு கம்பளியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், எதிரொலி அடங்கும்.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்: கோடை எஃப்எம் திருச்சி வரை கேட்கிறது. ஆனால் எங்கள் மலைக்குள்ளேயே சில ஊர்களில் கரகர என்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஆன்டெனா சுற்றுப்புறத்தைவிட எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், கீழே திண்டுக்கல் சமவெளி 250-300 மீட்டர். வித்தியாசம் 1,800 என்று வைத்தாலே 170 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதோடு கோடை எஃப்எம் ஓடும் 100.5 மெகாஹெர்ட்ஸில் இருப்பது 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். அதனால்தான் மதுரையும் தேனியும் கரூரும் திருச்சியும் கேட்கின்றன. ஆனால் ஆன்டெனாவுக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு மலைமுகடு நின்றால், பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் நீங்கள் நிழலில்தான். அதோடு எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து குழப்பும். செட்டை இரண்டடி நகர்த்தினாலே சில சமயம் சரியாகும். இந்த நிழல் ஊர்களுக்குத்தான் சமுதாய வானொலி, அதாவது உள்ளூர் அமைப்புகள் தங்கள் பகுதி மக்களுக்காக நடத்தும் சின்ன எஃப்எம் நிலையம், வேண்டும் என்கிறேன். 100 வாட், 30 மீட்டருக்கு மிகாத கம்பம், ஒரு பள்ளத்தாக்குக்கு ஒன்று. அது வராத இடத்தில் இணையம்.

உதகை: வீட்டிலிருந்தே போட்காஸ்ட் செய்ய எந்த மைக் நல்லது?

மேலே குன்னூர் தம்பிக்குச் சொன்னதேதான்.

கோத்தகிரி அருகே, தொண்டு நிறுவன ஊழியர்: எங்களிடம் பழைய கேசட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. கோத்தர், தோடர், குறும்பர் பழங்குடிகளின் பாட்டுகளும் பெரியவர்கள் பேச்சும். எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. தனித்தனியாகச் சொல்கிறேன்.

கேசட்டைக் காப்பாற்றுவது அவசரம். மலை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பிடித்ததை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். வெள்ளைத் தூள் தெரிவதைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். மற்றவற்றை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூஏவி (சுருக்காத ஒலி) கோப்பாக மாற்றுங்கள். மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி வரும், இன்றைக்கு அது பெரிய இடமே இல்லை. எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு அசலைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் வேறு வேறு கட்டடத்தில். யூடியூப் உங்கள் அலமாரி ஆகாது. கூகுளே தன் போட்காஸ்ட் செயலியை 2024-ல் மூடிவிட்டது.

ஏற்றலாமா என்பது வேறு விஷயம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தப் பாட்டி இருபது வருடத்துக்கு முன் உங்கள் மைக் முன்னால் பாடச் சம்மதித்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருப்பார். உலகம் முழுக்க யாரும் எடுத்து வெட்டி ஒட்டி ரீல்ஸ் போடலாம் என்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. சாவு வீட்டில் மட்டும் பாட வேண்டிய பாட்டுகள் இருக்கின்றன, பெண்கள் மட்டும் கேட்க வேண்டியவை இருக்கின்றன, ஒரு குலத்துக்கு மட்டும் சொந்தமானவை இருக்கின்றன. பாடியவரிடம், அவர் இல்லையென்றால் குடும்பத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும், கோப்பைப் போட்டுக் காட்டி மறுபடியும் கேளுங்கள். இதை யார் எல்லாம் கேட்பார்கள் என்பதைப் போனிலேயே காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தக் கோப்பு ஊருக்குள் ஒரு பென்டிரைவில் இருக்கட்டும், அவர்கள் பிள்ளைகளுக்குப் போதும். ஒரு நிலையம் இதில் அவசரப்பட்டால் அடுத்த முறை யாரும் அதன் மைக் முன்னால் உட்கார மாட்டார்கள்.

பெங்களூரு, மென்பொருள் வேலை, சொந்த ஊர் குன்னூர் பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்): எஃப்எம் டவருக்குச் செலவழிப்பது வீண். நார்வே 2017-லேயே எஃப்எம்மை மூடிவிட்டது. ஒரு செயலி செய்து எல்லாவற்றையும் அதில் போட்டால் முடிந்தது. ஏன் இன்னும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

நார்வே தன் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை மூடி இணையத்துக்குப் போகவில்லை. டிஏபி என்ற டிஜிட்டல் ஒலிபரப்புக்குப் போனது. அதற்கும் டவர் உண்டு, டிரான்ஸ்மிட்டர் உண்டு. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 கடைசி நாளில் எஃப்எம்மை நிறுத்தியது. கேட்பவர்களில் நிறையப் பேரை இழந்தது.

செலவுக் கணக்குக்கு வருவோம். எஃப்எம்மில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கரண்ட் பில் ஒன்றுதான். இணையத்தில் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஒலி ஒருவருக்கு மணிக்கு சுமார் 29 எம்பி. ஐந்நூறு பேர் கேட்டால் மணிக்கு 14 ஜிபிக்கு மேல், அந்தப் பணத்தை நிலையம்தான் கட்ட வேண்டும். கேட்பவரும் தன் பங்குக்கு டேட்டா செலவழிக்கிறார்.

(கூடலூர், ஜீப் ஓட்டுநர், இடையில்): அண்ணன் பெங்களூரில் இருந்து பேசுகிறார். மலைப்பாதையில் பாதித் தூரம் போனில் ஒரு கோடு கூட வராது. ரேடியோ மட்டும் விட்டு விட்டாவது வரும்.

(குன்னூர், தேயிலை ஃபேக்டரி ஊழியர்): ஷிஃப்ட் நேரத்தில் போனை எடுக்க முடியாது. சுவரில் மாட்டிய ரேடியோதான் ஓடும்.

(பெங்களூரு நண்பர் மறுபடியும்): சரி, ஆனால் என் அம்மா ஹட்டியில்தான் இருக்கிறார், ரேடியோவைத் தொட்டே பல வருடம். படுகு மொழியில் எது வந்தாலும் யூடியூபில்தான் பார்க்கிறார். நானும் ஊர்ப் பேச்சைக் கேட்க ராத்திரி பதினோரு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். எனக்கு உங்கள் டவரால் என்ன பயன்?

இது நியாயமான பேச்சு. உங்கள் அம்மாவுக்காகவும், கோவை, திருப்பூர், பெங்களூரு என்று பரந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்காகவும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் இணையத்தில் இருக்க வேண்டும், நல்ல தலைப்போடு, தேடினால் கிடைக்கிற மாதிரி. இதைச் செய்யாத நிலையம் பாதிக் கேட்பவர்களைத் தானே விரட்டுகிறது. ஆனால் செயலி வேண்டாம். ஒரு ஊர் நிலையத்துக்காக யாரும் தனிச் செயலி இறக்க மாட்டார்கள், இறக்கினாலும் அடுத்த ஆண்ட்ராய்டு மாற்றத்தில் அது படுத்துவிடும். சொந்த இணையதளம், அதிலிருந்து ஒரு ஆர்எஸ்எஸ் ஊட்டம் (புது நிகழ்ச்சி வந்ததும் மற்றத் தளங்கள் தானே எடுத்துக்கொள்ளும் பட்டியல்), அங்கிருந்து ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு. ஊட்டம் உங்கள் கையில் இருக்கட்டும், எந்தக் கம்பெனி மூடினாலும் கேட்பவர்களை வேறு இடத்துக்குக் கூட்டிப் போகலாம்.

டவரை இறக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் மழை. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. 2009 நவம்பரில் இங்கே மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அப்படிப்பட்ட நாளில் முதலில் போவது கரண்ட், அது போனபின் செல்போன் டவரின் பேட்டரி, நடுவில் எங்காவது ஃபைபர் கேபிள். ஒரு சின்ன எஃப்எம் நிலையம் ஜெனரேட்டரிலோ பேட்டரியிலோ ஓடும், வீட்டில் இரண்டு செல் போட்ட டிரான்சிஸ்டர் போதும். எந்தப் பள்ளியில் முகாம், எந்த ரோடு மூடியிருக்கிறது என்று அந்த ராத்திரியில் சொல்ல வேறு வழியே இருக்காது. போனிலேயே எஃப்எம் வசதியை வையுங்கள் என்று 2023-ல் மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியதும் இதற்காகத்தான். அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள் ஒயர் இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் ஆன்டெனா.

பெங்களூரு நண்பரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஹட்டிக்குப் பக்கத்து நிலையத்துக்கு அந்த இணையதளத்தையும் ஊட்டத்தையும் நீங்களே செய்து கொடுங்கள். அவர்களிடம் ஆள் இல்லை.

பந்தலூர்: ஏஐ குரலை வைத்து அறிவிப்பாளர் இல்லாமலேயே நடத்தலாமா?

போலந்தில் கிராகூவ் வானொலியின் ஒரு கிளை நிலையம் 2024 அக்டோபரில் அப்படிச் செய்து பார்த்தது. எதிர்ப்பு வந்து சில நாளிலேயே நிறுத்தினார்கள். பதிவை எழுத்தாக்க, சத்தத்தைச் சுத்தம் செய்ய ஏஐ உதவட்டும். மண்சரிவு அன்று தெரிந்த குரல் சொன்னால்தான் ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்.

குன்னூர்: ஆன்லைனில் சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது. மாடியில் வைத்து ஓட்டலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். இணைய வானொலி நடத்த ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை, அதில் ஆரம்பியுங்கள். பாட்டு எச்சரிக்கை மேலே இருக்கிறது.

உதகை: சமுதாய வானொலியில் செய்தி சொல்லக் கூடாதாமே, அப்புறம் நீங்கள் சொன்ன விலையும் சாலையும் எப்படி?

செய்தி என்றால் ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், சொந்தச் செய்தி கூடாது. ஆனால் வானிலை, போக்குவரத்து, தண்ணீர், மின்சாரம், தேர்வு, வேலைவாய்ப்பு, கலாச்சார நிகழ்ச்சி, நிர்வாகம் தரும் பேரிடர், சுகாதார எச்சரிக்கை இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது என்று தனியார் எஃப்எம் கொள்கையிலேயே 2011-ல் எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டியலை ஒட்டிப் போங்கள். மண்டி விலை ஒரு தகவல், அதில் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கோத்தகிரி: விளம்பரம் எவ்வளவு போடலாம்? ஸ்பான்சர் பிடிப்பது எப்படி?

சமுதாய வானொலிக்கு மணிக்கு 12 நிமிடம், 2024-ல் 7-லிருந்து உயர்த்தினார்கள். பிடிப்பது என் வேலை இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

கெத்தை: கண்டன்சர் மைக் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், என்ன செய்வது?

மேலே சொன்ன கம்பளிதான். மூன்று பேர் மைக் கேட்டாகிவிட்டது, இனி மைக் கேள்வி எடுக்கவில்லை.

கூடலூர் ஓட்டுநர் தன் ஜீப்பில் பதிவு செய்த இரைச்சலை அனுப்பியிருக்கிறார், ரேடியோவில் வருவது எஞ்சின் சத்தமா, மலை நிழலா என்று கேட்கிறார். தம்பி, எஞ்சினை அணைத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு தடவை பதிவு செய்து அனுப்புங்கள். இரைச்சல் நின்றால் டைனமோ பக்கம் பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் இடத்தைச் சொல்லுங்கள், வரைபடத்தை வைத்துப் பார்க்கிறேன்.