ராக்கர் ஷாஃப்டை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. கோவை கணபதியில் வாடகைக் கட்டடத்தில் லேத் பட்டறை நடத்துகிறேன். சாதாரண லேத் மூன்று, சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் லேத்) இரண்டு. இருசக்கர வண்டி என்ஜினுக்கு ராக்கர் ஷாஃப்ட் (வால்வைத் திறந்து மூடும் ராக்கரைத் தாங்கும் தண்டு) கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. வருமானத்தில் 80 சதவீதம் ஒரே கம்பெனியின் ஜாப் ஆர்டரிலிருந்து வருகிறது. ஆர்டர் கூடப்போகிறது, இன்னும் இரண்டு சிஎன்சி போடுங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். இரண்டும் சேர்த்து 40 லட்சம். வங்கி 10.5 சதவீத வட்டிக்குத் தருகிறது, ஆனால் வீட்டுப் பத்திரம் கேட்கிறது. என் மகன் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். "என்ஜினுக்கு இன்னும் ஐந்து வருடம்தான் ஆயுள், அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். வைப்பு நிதியில் இருக்கும் 12 லட்சத்தை மின்சார வண்டிக் கம்பெனிப் பங்குகளில் போடுங்கள்" என்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். பட்டறைக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

- வாசகர், கோவை

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் பாதி கேளுங்கள். நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை முழுதாக நம்புங்கள். அதில் இருக்கும் எண்களை நீங்களே சரியாகக் கூட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சிஎன்சிக்கு மணிக்கு 300 ரூபாய் கூலி கிடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஷிஃப்ட், மாதம் 25 நாள் என்றால் 400 மணி நேரம். டூல் மாற்றுவது, மின்தடை, ஆள் வராத நாள், சரக்கு வராமல் மெஷின் சும்மா நிற்கும் நாள் எல்லாம் போக முக்கால் பங்கு ஓடினால் 300 மணி. மெஷின் ஒன்றுக்கு மாதம் 90,000 ரூபாய் வரும். செலவில் இரண்டு ஆபரேட்டர் சம்பளம் 36,000, மின்கட்டணம் 9,000, இன்செர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), பராமரிப்பு 10,000 என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். ஆக 55,000. கையில் நிற்பது 35,000.

இனி தவணைக்கு வருவோம். 40 லட்சம், 10.5 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் மாதம் ஏறக்குறைய 86,000. மெஷினுக்கு 43,000. நிற்பதோ 35,000. அதாவது மாதம் 8,000 ரூபாயைப் பழைய மெஷின்கள் சம்பாதித்து ஒவ்வொரு புதிய மெஷினுக்கும் கொடுக்க வேண்டும். ஏழு ஆண்டாக நீட்டினால் தவணை 33,700 ஆகக் குறையும். அப்போது மெஷினுக்கு 1,300 ரூபாய் மிஞ்சும். அதற்காக மொத்த வட்டி பதினொன்றரை லட்சத்திலிருந்து பதினாறரை லட்சத்துக்கு ஏறிவிடும். வாங்கும்போது கட்ட வேண்டிய 18 சதவீத ஜிஎஸ்டி, 7.2 லட்சம், இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அது கழியக் கழிய மாதங்கள் ஓடும், அதுவரை பணம் உங்களுடையது.

கவனித்தீர்களா? இதுவரை மின்சார வண்டி என்ற சொல்லே வரவில்லை. உலகத்தில் பேட்டரி என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மெஷின் திட்டம் இந்தக் கூலிக்குத் தாங்காது.

இப்போது உங்கள் மகன் சொல்வதைப் பார்ப்போம். ராக்கர் ஷாஃப்ட் மின்சார வண்டியில் இருக்காது என்பதில் சந்தேகமே இல்லை. வால்வு இல்லாத இடத்தில் ராக்கருக்கு என்ன வேலை? பிஸ்டன், ரிங், கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் அதே வரிசையில்தான். ஆனால் "ஐந்து வருடம்" என்பது ஆசை கலந்த கணக்கு. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற இருசக்கர வண்டிகள் சுமார் 1.96 கோடி. மின்சார வண்டிகள் சுமார் பதினொன்றரை லட்சம், நூற்றுக்கு ஆறு. ஒரு பேச்சுக்கு, அடுத்த ஏழு ஆண்டில் மொத்த விற்பனை ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்து, மின்சாரத்தின் பங்கு 30 ஆக உயர்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2.58 கோடி ஆகும். அதில் என்ஜின் வண்டி 1.80 கோடி. இன்றைய அளவுக்குச் சற்றே கீழே, அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனதும் என்ஜின் பக்கத்துக்குத்தான் லாபம். மின்சார வண்டிக்கு முன்பே 5 சதவீதம் என்பதால் அதன் விலைச் சாதகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. மானியமும் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2023 ஜூனில் பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. பிறகு பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் முதலாண்டு 5,000, அடுத்த ஆண்டு 2,500 என்று வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, அப்பா சொன்னதுதான் சரி" என்று மகனுக்கு போன் போட்டுவிடாதீர்கள். சராசரிக் கணக்கு ஒரு தனிப் பட்டறையைக் காப்பாற்றாது. நீங்கள் கடையும் ஷாஃப்ட் எந்த வண்டிக்குப் போகிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மின்சார இருசக்கர வண்டிகளில் பெரும்பகுதி ஸ்கூட்டர்கள்தான். ஆகவே ஸ்கூட்டரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த ஆறு சதவீதம் இரட்டை இலக்கத்துக்குப் போய்விடும். மூன்று சக்கர வண்டியில், இ-ரிக்‌ஷாவையும் சேர்த்தால், பதிவாவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மின்சாரம். உங்கள் சரக்கு 100, 125 சிசி மோட்டார் சைக்கிளுக்குப் போகிறது என்றால் மூச்சு விட நேரம் இருக்கிறது. ஸ்கூட்டர் என்ஜினுக்குப் போகிறது என்றால் மகன் சொல்லும் ஐந்தாண்டு அவ்வளவு மிகையும் இல்லை. நாளைக்கே கம்பெனியில் கேளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாகம் மறைய மின்சாரம் வர வேண்டும் என்பதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. பெரும்பாலான இருசக்கர வண்டிகள் கார்புரேட்டரை விட்டு எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. வண்டி அதே பெட்ரோல் வண்டிதான், விற்பனையும் நடந்தது. கார்புரேட்டருக்கு ஜெட் கடைந்துகொண்டிருந்தவர்தான் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. ராக்கரே தேவைப்படாத என்ஜின் வடிவமைப்புகளும் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பெரிய கவலை அந்த 80 சதவீதம்தான். மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்தது, 2022இல் கார் உற்பத்தி நின்றது. காரணம் மின்சார வண்டி அல்ல, பத்தாண்டு நஷ்டம். அந்த ஆலையை மட்டும் நம்பியிருந்தவருக்குக் காரணம் எதுவாக இருந்தால் என்ன? தவணைத் தேதி வரத்தானே செய்யும். வேடிக்கை என்னவென்றால், அதே ஆலையில் என்ஜின் தயாரிக்க 2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உற்பத்தி 2029இல் தொடங்குமாம். என்ஜின் செத்துவிட்டது என்பவர்களும், பேட்டரி ஒரு மோகம்தான் என்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, "ஆர்டர் கூடப்போகிறது" என்று கம்பெனியில் சொன்னது வாயாலா, எழுத்திலா? இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஓப்பன் ஆர்டர்தான். விலை மட்டும் தாளில் இருக்கும், எண்ணிக்கை மாதாமாதம் ஷெட்யூலில் வரும். ஷெட்யூல் பாதியானால் கேட்க முடியாது. உங்கள் கடனோ அறுபது மாதம். கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுக்கு மாதம் இத்தனை உருப்படி எடுப்போம், எடுக்காத மாதம் மெஷின் சும்மா நின்றதற்கு ஒரு தொகை தருவோம், இந்தப் பாகத்துக்கு மட்டுமே ஆகும் ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடிக்கும் சாதனம்), கேஜ் (அளவுமானி) செலவை ஏற்போம், மணிக்கூலியை 330 ஆக்குவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் கிடைக்காது. இரண்டு கிடைத்தால் அவர்களுக்கு உங்கள் மெஷின் உண்மையிலேயே தேவை என்று பொருள். எதுவுமே கிடைக்காவிட்டால், அவர்கள் தங்கள் விற்பனைக் கணிப்பின் ஆபத்தை உங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேல் ஏற்றி வைக்கிறார்கள். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கிடைத்தால் ஒரு மெஷின் மட்டும் போடுங்கள். விலை 20 லட்சத்தில் ஐந்து லட்சம் கையிலிருந்து, 15 லட்சம் கடன், ஐந்தாண்டு. தவணை சுமார் 32,250. நிற்கும் 35,000க்குள் அடங்கிவிடுகிறது. இறுக்கம்தான், மறுக்கவில்லை. கூலி 330 ஆனால் மாதம் 9,000 கூடுதலாக வரும், அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடலாம்.

எந்த மெஷின் என்பது எவ்வளவு கடன் என்பதற்குச் சமமான கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறைக்காரர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார். ஒரே பாகத்தை மட்டும் செய்யும் தனிப்பயன் இயந்திரம் வாங்கியிருந்தார். வேகம் பிரமாதம். அந்தப் பாகம் நின்றதும் காயலான் கடைக்காரர் எடைக்கு விலை சொன்னார். சிஎன்சி லேத் அப்படியல்ல. அதற்கு ராக்கர் ஷாஃப்டும் தெரியாது, பேட்டரியும் தெரியாது, உருண்டைக் கம்பி தெரியும்.

உங்கள் பாகத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல் நீளம், பளபளவென்ற உருளை, எண்ணெய் போகச் சின்னத் துளை. மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் பலவற்றுக்குள்ளும் ஒரு ஷாஃப்ட் சுழல்கிறது. சற்று நீளம், சற்றுப் பருமன், பேரிங் உட்காரும் இடத்தில் மைக்ரான் கணக்கில் துல்லியம். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரில் அச்சு. மோட்டாரும் பம்ப்செட்டும் கோவைக்குப் புதியதா என்ன? உங்கள் தெருவிலேயே பம்ப் ஷாஃப்ட் கடைபவர்கள் இருப்பார்கள். எனவே ராக்கர் ஷாஃப்டுக்குப் போதும் என்று சின்ன மெஷினை எடுத்து ஒன்றரை லட்சம் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டார் ஷாஃப்டும் ஏறும் நீளத்துக்கு, டெயில் ஸ்டாக்குடன் (நீளக் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) வாங்குங்கள். இன்றைக்கு ராக்கர் ஓடட்டும். வாரத்தில் ஒரு ஷிஃப்டை, கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று, பம்ப்செட், மோட்டார் வேலைக்கு ஒதுக்குங்கள். மூன்று ஆண்டில் அந்த 80ஐ 50க்குக் கொண்டுவந்தால், நான்காம் ஆண்டில் இரண்டாவது மெஷின் பற்றி எனக்கு எழுதுங்கள்.

வங்கியைப் பற்றிச் சுருக்கமாக. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதல்லவா? சிறு தொழில் கடனுக்கான மத்திய உத்தரவாத நிதியமான சிஜிடிஎம்எஸ்இயின் கீழ் சொத்துப் பிணை இல்லாமல் கடன் கொடுக்க வங்கிக்கு வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 10 கோடி, உங்கள் 15 லட்சம் எந்த மூலைக்கு? ஆண்டுக் கட்டணம் உண்டு, தவணை கட்டாவிட்டால் உங்களை விடவும் மாட்டார்கள், ஆனால் வீடு தப்பிக்கும். கிளையில் முகம் சுளித்தால் இன்னொரு வங்கிக்கும், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்துக்கும் போய்ப் பாருங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் இயந்திர மூலதன மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் மானியத்தைத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வரும்போது வரட்டும்.

கம்பெனி எத்தனை நாளில் பணம் தருகிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 43பி(எச்) பிரிவும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சண்டை போட வேண்டாம். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள், அவர்களுடைய ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார்.

மிச்சம் அந்த 12 லட்சம். ஐந்து லட்சம் மெஷினுக்கு. நான்கு லட்சம் ஷெட்யூல் குறையும் மாதங்களுக்கு, தொடவே கூடாது. ஜிஎஸ்டிக்கு 3.6 லட்சம் போனால் 60,000 ரூபாய் துண்டே விழுகிறது. பங்குக்குப் பணம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஓலா எலக்ட்ரிக் பங்கு 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளியானது. இரண்டே வாரத்தில் 157ஐத் தொட்டது. அக்டோபர் முடிவதற்குள் வெளியீட்டு விலைக்குக் கீழே போய்விட்டது. ஏத்தர் 2025 மேயில் 321க்கு வந்து, முதல் நாளே அதற்குக் கீழே முடிந்து, பிறகு அதே ஆண்டிலேயே இரண்டு மடங்கானது. இரண்டும் மின்சார ஸ்கூட்டர்தான், இரண்டு தொழிற்சாலையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். மின்சார வண்டி வளரும் என்று சரியாகக் கணித்தவருக்கும் எந்தக் கம்பெனி என்பதில் கை சுட்டிருக்கும்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். அப்பாவின் வருமானம் என்ஜினில், மகனின் சம்பளம் பேட்டரியில். குடும்பமாகப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் பணம் போட்டிருக்கிறீர்கள். அவர் வேலை பார்க்கும் துறையிலேயே வீட்டுச் சேமிப்பையும் போட்டால், அங்கே சரிவு வரும் நாளில் சம்பளமும் சேமிப்பும் ஒன்றாக அடி வாங்கும்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது பங்கைப் பற்றிப் பேச வேண்டாம். மோட்டார் ஷாஃப்ட் சப்ளையராகப் பதிவு செய்ய என்னென்ன தரச் சான்று கேட்பார்கள், ரன்-அவுட் (சுழலும்போது வரும் விலகல்) எத்தனை மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், கிரைண்டிங்கை வெளியில் கொடுத்து வாங்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். டிராயிங்கை மட்டும் கேட்காதீர்கள். அது அவருடைய கம்பெனியின் சொத்து, அவர் வேலைக்கே ஆபத்து.