விண்ட்சர்ஃபிங்: குதிப்பின் உயரத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி: பாய் பொருத்திய பலகையில் காற்றின் விசையால் நீரில் சறுக்கும் விண்ட்சர்ஃபிங்கை மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சிற்றலைகளில் குதிக்கும்போது பலகை அரை மீட்டருக்கு மேல் எழுவதில்லை. பின்காலால் ஓங்கி உதைத்தால் பலகை காற்றை நோக்கித் திரும்பி, நான் முதுகுப்புறமாக விழுகிறேன். கால் வலுவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: கால் வலு இப்போதைக்குப் போதும், முதலில் கவனிக்க வேண்டியது வேகம். ஒரே சரிவுள்ள அலையிலிருந்து எழும்பும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலே, காற்று தரும் தூக்கலைச் சேர்க்காமலேயே உயரம் 21 சதவீதம் கூடும். பலரும் அலையைக் கண்டவுடன் காற்றை நோக்கித் திரும்பி, சேர்த்த வேகத்தை அலைக்கு முன்பே இழந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், பலகையைக் காற்று போகும் திசைக்குச் சற்றே திருப்பி முழு வேகம் எடுத்து, அலையின் மிகச் செங்குத்தான பகுதியை நெருங்கிய பின்னரே இலேசாகக் காற்றை நோக்கித் திருப்புங்கள். ஹார்னஸ் (பாயின் இழுவையைத் தாங்க உடலில் அணியும் பட்டை) கொக்கியை அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

நீங்கள் விழுவதற்கான காரணம், பெரும்பாலும், உதைக்கும் அதே நொடியில் பின்கை தளர்ந்து பாய் திறந்துகொள்வதுதான். பாயின் இழுவை அற்றுப்போக, உதையின் விசை பலகையின் வாலை மட்டும் தள்ளிவிடுவதால் முனை காற்றுக்கு எதிரே திரும்பிவிடுகிறது. பின்கையை உள்ளிழுத்தே வைத்திருங்கள். முனை அலைமேல் ஏறும்போது முழங்கால்களை மடக்கி, வால் அலையின் விளிம்பைத் தொடும் கணத்தில் பின்காலை நிமிர்த்துங்கள். உடனே முன்காலின் விரல்களைக் கால்பட்டைக்குள் (பாதத்தைப் பலகையோடு பிடித்துவைக்கும் பட்டை) மேல்நோக்கி வளைத்து, காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தூக்குங்கள். பலகையின் அடிப்புறத்தில் காற்று மோதி, பட்டத்தைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கும். அந்நேரம் உடல் எடையைப் பூமில் (பாயைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக் குழாய்) தொங்கவிட்டு, பின்காலின் குதிகாலைப் பிட்டத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டால், பலகை உங்களுடனேயே மேலே வரும்.

1970களின் பிற்பகுதியில் ஹவாயில் கால்பட்டைகள் புழக்கத்துக்கு வரும்வரை, குதித்தவர் ஒரு பக்கமும் பலகை மறுபக்கமும் போவது வழக்கமாக இருந்தது. உங்கள் பட்டையின் அளவையும் ஒருமுறை பாருங்கள்: விரல்கள் மட்டும் மறுபுறம் தெரிந்தால் சரி, பாதம் கணுக்கால்வரை நுழைந்தால், விழும்போது கணுக்கால் முறுக்கிக்கொள்ளும்.

இறங்கும்போது பலகை தட்டையாக நீரில் அறைவதே முழங்காலுக்கும் பலகைக்கும் பெருங்கேடு. உச்சியைத் தாண்டியதும் முன்கையால் பாய்மரத்தை முன்னே சாய்த்து, முனையைக் காற்று போகும் திசைக்குத் திருப்பி, வால் முதலில் நீரைத் தொடும்படி, முழங்கால்களை மடக்கியே இறங்குங்கள். ஆழம் குறைந்த இடத்தில் இதைப் பழகவே வேண்டாம், தலைக்கவசமும் அவசியம்.

முதல் நாள் முழுவதும் பின்காலால் உதைக்காமல், வேகம் எடுப்பதையும் முன்காலால் விளிம்பைத் தூக்குவதையும் மட்டும் பழகுங்கள். உதையை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம்.