துருவே சட்டையாக நிற்கும் பிக்காசோ

கே: நான் டெல்லி ஆர்.கே.புரம் வாசகி. சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டேலி பிளாசா என்ற திறந்த முற்றத்தில் ஒரு பெரிய இரும்புச் சிலையைக் காட்டி, பிக்காசோ செய்தது என்றாள். அது பெண்ணா, நாயா, பறவையா, எனக்குப் பிடிபடவில்லை. அதைவிட, உச்சி முதல் அடி வரை துரு பிடித்து நிற்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஊரில் ஒரு கோட் பெயின்ட் அடிக்கக்கூடாதா?

ப: பெயின்டே வேண்டாம் என்று தேர்ந்தெடுத்த எஃகு அம்மா அது. கார்டென் என்று பெயர். தாமிரம், குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். நம் வீட்டு ஜன்னல் கம்பியில் துரு பொருக்குப் பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி பிடிக்கும், கடைசியில் கம்பியையே தின்றுவிடும். இதில் அப்படி இல்லை, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, நனைந்து காய்ந்து, சில வருடங்களில் அந்தத் துருவே நெருக்கமான படலமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் எஃகைக் காப்பாற்றுகிறது. பின்னால் நிற்கிற டேலி சென்டர் கட்டடமும் அதே எஃகுதான், நிறம் ஒத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள்.

இதைப் புரிந்துகொள்ள சிகாகோ வரை போக வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து மெஹ்ரோலிக்குப் போனால், குதுப் மினார் வளாகத்தில் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புத் தூண் சுமார் 1,600 வருடமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர்.பாலசுப்பிரமணியம் அதைப் பல வருடம் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே உருவான மெல்லிய பாதுகாப்புப் படலம்தான் தூணைக் காத்தது என்று விளக்கினார். அதாவது நம் கொல்லர்கள் உலையில் விட்டுவைத்த அதே பாஸ்பரஸை அமெரிக்க ஆலை கணக்காகச் சேர்க்கிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, அது என்ன உருவம்? பிக்காசோ கடைசி வரை சொல்லவில்லை, பெயரும் வைக்கவில்லை. பெண்ணின் தலை என்கிறார்கள், அவர் வளர்த்த ஆப்கன் நாய் என்கிறார்கள், குரங்கு என்பவர்களும் உண்டு. 1967 ஆகஸ்ட் 15 அன்று திரை விலக்கியபோது கூட்டத்தில் பலருக்கு உங்களைப் போலவே குழப்பம், சிலருக்குக் கோபம். இதை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸ் சிலையை வையுங்கள் என்று நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். இத்தனைக்கும் பிக்காசோ அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. அவர் கொடுத்த சிறிய மாதிரியைப் பார்த்து இண்டியானாவின் கேரி நகர எஃகு ஆலையில் 50 அடி உயரத்துக்குச் செய்தார்கள், எடை ஏறக்குறைய 147 டன். 1 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னதையும் மறுத்து, சிகாகோ மக்களுக்கு அன்பளிப்பு என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறை போனால் பேரக் குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். சிலையின் அடிப்பகுதி சரிவாக இருக்கும், அங்கே குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள், யாரும் விரட்டுவதில்லை. மெஹ்ரோலித் தூணைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், போடாமல் முடியாது, ஆனால் முதுகைச் சாய்த்துக் கையைப் பின்னால் வளைத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்த தலைமுறைக்கு அந்தத் தூண் நெருக்கமானதே அப்படித் தொட்டுத்தான். பொது இடத்துச் சிற்பத்தைத் தள்ளி நின்று அர்த்தம் கண்டுபிடிப்பதைவிட, சுற்றி நடந்து, தட்டிப் பார்த்து, நிழலில் உட்கார்ந்து பழகுவதுதான் சரி என்பது என் கட்சி.

கே: அப்படியென்றால் எங்கள் பால்கனி கிரில்லுக்கும் பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடலாமா?

ப: கூடாது. உங்களுடையது சாதாரண இரும்பு, ப்ரைமர் அடித்துத்தான் ஆக வேண்டும். கார்டென் வாங்கிப் போட்டாலும் முதல் சில மழைக்குப் பழுப்புத் தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுச் சுவரைக் கறையாக்கும், அப்புறம் தண்ணீர் தேங்குகிற மூலை அதற்கும் ஆகாது.