டேட்டாபேஸ் கேள்வி பதில்: மறுபடி இணைந்ததும் நேரம் மாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் கடையின் பில்லிங் புரோகிராம் கிளவுட் சர்வரில் உள்ள மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது. இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் காலை 9 மணிக்கு முதல் பில் போட்டால், சர்வர் இணைப்பு போய்விட்டது என்னும் 2006 பிழை வந்தது. இணைப்பு அறுந்தால் தானே இணையும்படி கோடு எழுதினேன். பிழை நின்றது. ஆனால் பகல் 3 மணி பில், காலை 9.30 என்று காட்டுகிறது. புரோகிராமை மூடித் திறந்தால் அதே பில்லில் நேரம் சரியாக இருக்கிறது!

பதில்: இரண்டும் ஒரே கோளாறுதான். சும்மா கிடக்கும் இணைப்பைச் சர்வர் வெட்டுவதற்கான கெடு 'வெயிட்_டைம்அவுட்'. மாற்றாமல் விட்டால் அது 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். உங்கள் கடை 12 மணி நேரம் மூடியிருக்கிறது. புரோகிராம் தொடங்கும்போது 'டைம்_ஜோன்' அமைப்பை +05:30 என்று வைத்திருப்பீர்கள். அது அந்த ஓர் இணைப்போடு போய்விடும். புது இணைப்பு சர்வரின் யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) நேரத்தில்தான் திறக்கிறது.

அவசரப்பட்டு, தரவை மாற்றும் அப்டேட் கட்டளையை ஓட்டி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். அதே பில் பிறகு சரியாகத் தெரிகிறது என்றால் நேரம் பதியும் அந்த நெடுவரிசை (column) டைம்ஸ்டாம்ப் வகை. அது யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் இணைப்பின் நேரத்துக்கு மாற்றும். உங்கள் தரவு பழுதாகவில்லை. இப்படி மாற்றாத டேட்டைம் வகையில், இணைப்பின் அப்போதைய நேரத்தைத் தரும் 'நவ்' கொண்டு எழுதியிருந்தால் தவறான நேரமே நிரந்தரமாகப் பதிந்திருக்கும்.

டைம்_ஜோன் வரியை, இணைப்பைத் திறக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே வையுங்கள். 'ஏசியா/கொல்கத்தா' என்று பெயர் கொடுத்தால் சர்வரில் டைம்ஜோன் டேபிள்கள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். '+05:30'க்கு அது தேவையில்லை. வெயிட்_டைம்அவுட்டை உயர்த்துவது நல்ல தீர்வல்ல, இடையிலுள்ள ஃபயர்வால் அதற்கு முன்பே வெட்டலாம். கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தொகுப்பு) இருந்தால் ஒவ்வோர் இணைப்பின் ஆயுளையும் 30 நிமிடமாக வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. பில் பாதியில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால், கமிட் ஆகாத (இறுதியாகப் பதியாத) எல்லாம் ரோல்பேக் (ரத்து) ஆகிவிடும். மறுபடி இணைந்து மிச்ச வரிகளை மட்டும் அனுப்பினால் பாதி பில்தான் பதியும். அந்த பில்லின் எல்லா வரிகளும் சேர்ந்த முழு டிரான்ஸாக்‌ஷனையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். கமிட் அனுப்பியதும், இடையில் இணைப்பு அறுந்தது என்னும் 2013 பிழை வந்தால், பதிந்ததா இல்லையா என்று புரோகிராமுக்குத் தெரியாது. பில் எண்ணுக்கு யூனிக் கீ (ஒரே எண் இரண்டு முறை பதிய விடாத விதி) இருந்தால்தான் ஒரே பில் இரண்டு முறை பதியாமல் தப்பும்.

கேள்வி: பெரிய ஸ்கேன் படங்களைச் சேமிக்கும்போது மட்டும், இணைத்த உடனேயே 2006 வருகிறதே?

பதில்: இது கெடு பிரச்சினை அல்ல, அளவு பிரச்சினை. சர்வர் ஒரே தடவையில் ஏற்கும் உச்ச அளவு 'மேக்ஸ்_அலவுடு_பாக்கெட்'. மாற்றாமல் விட்டால் அது மைஎஸ்கியூஎல் பதிப்பு 5.7இல் 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. படத்தைவிடப் பெரிதாக வைத்து, புது இணைப்பில் சோதியுங்கள். பழைய இணைப்பில் பழைய அளவே நீடிக்கும்.