பதில்: கமலா சோஹோனி சுவரொட்டியில் "முதல் பெண் டாக்டர்" குழப்பம்

பள்ளி அறிவியல் கண்காட்சிச் சுவரொட்டிக்குத் தகவல் தேடியபோது, அறிவியலில் டாக்டர் பட்டம் (மருத்துவப் பட்டம் அல்ல) பெற்ற முதல் இந்தியப் பெண் என்று ஓரிடத்தில் உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி, இன்னோரிடத்தில் ஜானகி அம்மாள், மற்றோரிடத்தில் அசிமா சாட்டர்ஜி பெயர் இருப்பதாகவும், எதைப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "முதல்" என்ற சொல்லை மட்டும் தனியாக எழுதாதீர்கள், சிக்கல் அங்கேதான். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931லேயே அமெரிக்காவின் மிச்சிகனில் டி.எஸ்சி. என்ற அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார். வேதியியலாளர் அசிமா அதே பட்டத்தை 1944இல் கல்கத்தாவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழகத்தில் பெற்றவர். கமலாவுக்கு "1939, கேம்பிரிட்ஜ், உயிர்வேதியியலில் பிஎச்.டி." என்று போடுங்கள். யாரும் மறுக்க முடியாது.

ஆய்வையும் விட்டுவிடாதீர்கள். உருளைக்கிழங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் கமலா தாவரச் செல்களிலும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருப்பதைக் கண்டார். செல் மூச்சுவிடும் வேலையில் எலக்ட்ரான்களைக் கைமாற்றிவிடுவது அது. ஒரு கிழங்கின் படம் வரைந்து பக்கத்தில் இதை எழுதினால் குழந்தைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

கமலா பெண் என்பதாலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவரைச் சேர்க்க அப்போதைய இயக்குநர் சி.வி. ராமன் முதலில் மறுத்ததும், 1933இல் ஓராண்டு சோதனைக்கால நிபந்தனையோடு சேர்த்ததும் கட்டாயம் இடம்பெற வேண்டும். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணியாற்றியது நம் மாணவர்களுக்கு நெருக்கமான செய்தி.

கடைசியாக, கமலா ஆராய்ந்த நீரா என்ற பானம். அதைக் "கள்" என்று மொழிபெயர்ப்பது பெரிய பிழை. பனைவகை மரங்களின் புளிக்காத சாறுதான் நீரா. ஈஸ்ட் அதன் சர்க்கரையை ஆல்கஹாலாக்கிய பிறகே அது கள். கமலா ஆராய்ந்தது புளிக்காத சாற்றின் ஊட்டச்சத்தை.